போட்ட உத்தரவைத் திரும்பப் பெறவும் விதி எழுதுங்கள்: தமிழ்நாட்டு எம்.பி.க்களுக்கு ஒரு திறந்த மடல்

மக்களவையிலும் மாநிலங்களவையிலும் தமிழ்நாட்டின் சார்பில் உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கட்சி பார்த்து எழுதவில்லை. அங்கே 39 பேர், இங்கே 18 பேர். யார் கையில் இந்த மடல் கிடைத்தாலும் சரி. கேட்கப்போவது ஒன்றுதான். வெளிநாட்டவர் ஒருவரை நாட்டை விட்டுப் போகச் சொல்லி அரசு போடும் உத்தரவை, அரசே திரும்பப் பெறுவதற்கான நடைமுறையை விதியாக எழுதி வைக்கச் சொல்லுங்கள். யாரிடம் கேட்பது, எத்தனை நாளுக்குள் கேட்பது, எந்தெந்தக் காரணம் செல்லும், பதில் எப்போது வரும். இவ்வளவுதான்.

நான் வியாசர்பாடிக்காரன். பாரிமுனையில், தம்புச் செட்டித் தெருவில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. மனு டைப் அடிப்பது, கட்டுக் கட்டுவது, எதிரே உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்து நம்பர் வாங்குவது, நம்பர் ஆகாமல் திரும்பி வந்தால் குறையைச் சரிசெய்து மறுபடி கொண்டுபோவது, இதுதான் பிழைப்பு. புழல் காவாங்கரை அகதி முகாமிலிருந்து இலங்கைத் தமிழர்கள் எங்கள் அலுவலகத்துக்கு வருவதுண்டு. முகாமுக்கு வெளியே பதிவு செய்துகொண்டு இருப்பவர்களும் வருவார்கள். எந்தப் பதிவும் இல்லாதவர்களும் வருவார்கள். கடைசியாகச் சொன்னவர்கள் மாடிப்படியிலேயே நின்றுகொண்டு, உள்ளே வரலாமா என்று யோசிப்பார்கள்.

அப்படி வந்த ஒருவர் நீட்டிய தாளை இப்போதும் வரி வரியாகச் சொல்ல முடியும். அவர் படகில் வந்தவர் இல்லை. கடவுச்சீட்டு, விசா எல்லாம் முறையாக வைத்துக்கொண்டு விமானத்தில் வந்தவர். எண்ணூர்ப் பக்கம் கல்யாணம் செய்துகொண்டார், பிள்ளைகள் இங்கே அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். ஒரு கட்டத்தில் விசாவை நீட்டிக்கவில்லை. வந்தது ஒரு பக்கத் தாள். மேலே கோப்பு எண், நடுவில் ஒரே ஒரு பத்தி, கீழே கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும். இத்தனை நாளுக்குள் இந்தியாவை விட்டு வெளியேறவும், தவறினால் சட்டப்படி நடவடிக்கை. அவ்வளவுதான். என்ன காரணம் என்று இல்லை. யாரிடம் முறையிடலாம் என்றும் இல்லை. "அண்ணை, இதுக்கு எங்க போய்க் கேக்கிறது?" என்றார். தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், வெறுமையாக இருந்தது.

ரேஷன் கார்டில் பெயர் நீக்கினால்கூட மேல்முறையீடு யாரிடம் என்று சொல்லிவிடுகிறார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டத்தில் 7ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. விரும்பத்தகாத வெளிநாட்டவர்கள் புழங்கும் ஹோட்டல், கிளப் போன்ற இடங்களை மூடச் சொல்லி உத்தரவு போடும் பிரிவு. அந்த உத்தரவால் பாதிக்கப்பட்டவர் 30 நாளுக்குள் மத்திய அரசிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று அதிலேயே எழுதியிருந்தது. கிளப் முதலாளிக்கு 30 நாளும் ஒரு மேல்முறையீடும் இருந்தன. அந்த கிளப்பில் கோப்பை கழுவியவனை நாட்டை விட்டுப் போகச் சொன்னால், அவனுக்கு அப்படி ஒரு வரி அதில் இல்லை. ரிட் மனுதான் போட வேண்டும். ரிட்டுக்கு என்ன செலவாகும், எப்போது லிஸ்டில் வரும் என்பதெல்லாம் எங்கள் தெருவில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

வெளியேற்றும் அதிகாரத்தை நான் கேள்வி கேட்கவில்லை. அதில் சந்தேகத்துக்கு இடமில்லை என்று 1955-லேயே ஹான்ஸ் முல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெளிநாட்டவரை வெளியேற்ற அரசுக்குக் கட்டற்ற அதிகாரம் உண்டு. ஆனால் அதே அதிகாரத்துக்கு மறுபக்கமும் உண்டு. 1897-ஆம் ஆண்டின் பொது வகைமுறைச் சட்டம், 21-ஆவது பிரிவு. ஓர் உத்தரவைப் போட அதிகாரம் பெற்றவருக்கு, அதைத் திருத்தவும் மாற்றவும் ரத்து செய்யவும் அதிகாரம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இன்றைக்கும் தினசரி நாங்கள் மனுவில் அடித்துக்கொண்டிருக்கும் பிரிவு. ஆக, ரத்து செய்ய அதிகாரம் இல்லை என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. 1958-லிருந்து வெளியேற்றும் அதிகாரம் மாநில அரசுகளிடமும் ஒப்படைக்கப்பட்டிருந்ததால், சென்னையில் போட்டதற்கு டெல்லியைக் கைகாட்டுவதும், டெல்லி சென்னையைக் கைகாட்டுவதும் எங்களுக்குப் பழகிப்போன காட்சி. ஓர் அலுவலகத்தில் இப்படி ஒரு மனுவைக் கொடுத்துவிட்டு ஒப்புகைச் சீட்டு கேட்டேன். "இதுக்கெல்லாம் சீட்டு கிடையாது, தபால்ல அனுப்புங்க" என்றார்கள். சரி என்று தபாலில் அனுப்பினோம். மனு போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாகத் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்த பச்சை அட்டையைத் தவிர வேறு பதில் வரவில்லை.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன என்று பார்த்தால், இரக்கத்தால் ரத்து செய்த கதைகள் குறைவு. பெரும்பாலும் வேறு காரணங்கள்தான்.

முதல் காரணம், ஆளே மாறிப்போவது. வெளிநாட்டவர் என்று நினைத்து அனுப்பியவர் உண்மையில் சொந்த நாட்டவராகவோ, தங்கியிருக்க முழு உரிமை உள்ளவராகவோ இருப்பார். பிரிட்டனில் 2018-இல் வெடித்த விண்ட்ரஷ் விவகாரம் அப்படித்தான். கரீபியன் தீவுகளிலிருந்து சின்னப் பிள்ளையாக வந்து, அங்கேயே படித்து, அங்கேயே வரி கட்டி, தலை நரைத்தவர்களிடம் காகிதம் எங்கே என்று கேட்டார்கள். அவர்கள் வந்து இறங்கிய பதிவு அட்டைகளை அரசே அழித்திருந்தது. சிலரை நாடு கடத்தியும்விட்டார்கள். அப்புறம் பிரதமர் மன்னிப்புக் கேட்டார், 2019-இல் இழப்பீட்டுத் திட்டம் வந்தது.

நம் ஊரிலும் நடந்தது, அதுவும் அண்மையில். மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணியையும் அவர் குடும்பத்தையும் 2025 ஜூனில் டெல்லியில் பிடித்து, வங்கதேசத்தவர் என்று எல்லை தாண்டித் தள்ளிவிட்டார்கள். செப்டம்பர் இறுதியில் கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்த நாடுகடத்தலை ரத்து செய்து, நான்கு வாரத்துக்குள் திரும்பக் கொண்டுவரச் சொன்னது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், மனிதாபிமான அடிப்படையில் அழைத்துக்கொள்கிறோம் என்று மத்திய அரசு ஒப்புக்கொண்ட பிறகு, டிசம்பரில் அந்தப் பெண் தன் சின்ன மகனோடு திரும்பி வந்தார். அனுப்ப சில நாள்தான் ஆனது, அழைத்து வர ஐந்து மாதத்துக்கு மேல். இதைப் படித்தபோது எனக்கு மணலியும் மாதவரமும்தான் நினைவுக்கு வந்தன. அங்கே கம்பி கட்டுகிற, லாரியில் மூட்டை ஏற்றுகிற வங்காளப் பையன்கள் எத்தனை பேர்! 'வடக்கன்' என்று ஒரே சொல்லில் நாம் அடக்கிவிடும் அந்தப் பையன்களின் கையிலும் காகிதம் குறைவுதான்.

முகாம் விஷயத்திலும் இதே காரணம் உண்டு. 1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையே இந்த மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவுப்படி பிறப்பாலேயே இந்தியர். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு கொடுக்கச் சொல்லி 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் முதல்முறையாக வாக்களித்தார். முப்பது வயதைத் தாண்டும்வரை அகதி என்ற பதிவிலேயே வாழ்ந்த ஓர் இந்தியக் குடிமகள். அவரைப் போல இன்னும் எத்தனை பேர் முகாம் பதிவேட்டில் இருக்கிறார்கள் என்று யாராவது பிறந்த தேதியை வைத்து ஒரு பட்டியல் எடுத்திருக்கிறார்களா? ஒரு தாசில்தார் அலுவலகம் ஒரு வாரத்தில் முடிக்கக்கூடிய வேலை இது.

இரண்டாவது காரணம், அனுப்பும் ஊரின் நிலைமை. இதில் உலகத்துக்கே பாடம் எடுத்தவர்கள் நம் ஈழத்தமிழர்கள்தான், பாவம். 1987-இல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் திருப்பி அனுப்ப விமானத்தில் ஏற்றப்போகும் நேரத்தில், ஓடுபாதை ஓரத்திலேயே உடையைக் களைந்து போராடினார்கள் தமிழர்கள் சிலர். நீதிமன்றம் தடை போட்டது. அரசு செய்த எதிர்வினை என்ன தெரியுமா? உரிய காகிதம் இல்லாத பயணியை ஏற்றி வரும் விமான நிறுவனத்துக்கு ஆளுக்கு ஆயிரம் பவுண்டு அபராதம் என்று அதே ஆண்டு சட்டம் கொண்டுவந்தது. வேறொரு குழுவில் ஐந்து தமிழர்கள் 1988 பிப்ரவரியில் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் விட்டுவிட்டுப் போன மேல்முறையீடு லண்டனில் நடந்துகொண்டே இருந்தது. 1989-இல் அனுப்பியது தவறு என்று முடிவாகி, பிரிட்டிஷ் அரசே அவர்களைத் திரும்ப வரவழைத்தது. வில்வராஜா வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இருப்பது இதுதான். பிறகு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் அவர்கள் தோற்றார்கள் என்பது வேறு கதை. எனக்கு முக்கியமாகப் படுவது, ஆள் நாட்டை விட்டுப் போன பிறகும் மேல்முறையீடு உயிரோடு இருந்தது என்பது. கோப்பு மூடப்படவில்லை.

சுவிட்சர்லாந்து இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கிருந்து அனுப்பப்பட்ட தமிழர்கள் இலங்கையில் கைதானது தெரிந்ததும், 2013-இல் இலங்கைக்கு ஆள் அனுப்புவதையே நிறுத்தி வைத்தது. வெளியாட்களை வைத்துத் தன் கோப்புகளைத் தானே ஆராய்ந்து, தவறு நடந்ததை 2014-இல் ஒப்புக்கொண்டது. பிறகு அனுப்புவதை மறுபடி தொடங்கியது, அது உண்மைதான். ஆனாலும் தன் கோப்பைத் தானே பிரித்துப் பார்க்கும் துணிச்சல் எத்தனை அரசுக்கு வரும்?

மூன்றாவது காரணம், ஊன்றிவிட்ட வேர். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பிலோயெலா என்று ஒரு சின்ன ஊர். இறைச்சி ஆலைதான் அங்கே பெரிய வேலைத்தலம். படகில் வந்து சேர்ந்த ஓர் ஈழத்தமிழர் அதில் வேலை பார்த்தார். தனியாகப் படகில் வந்த ஒரு பெண்ணை மணந்தார். இரண்டு பெண் குழந்தைகள் அங்கேயே பிறந்தன. விசா முடிந்துவிட்டது என்று 2018 மார்ச்சில் விடியற்காலையில் வந்து குடும்பத்தையே அள்ளிக்கொண்டு போனார்கள். 2019 ஆகஸ்டில் இலங்கைக்கு விமானம் கிளம்பியும்விட்டது. நடுவழியில் நீதிமன்றத் தடை வந்ததால் டார்வினில் இறக்கினார்கள். அங்கிருந்து கிறிஸ்துமஸ் தீவு. 2021-இல் சின்னக் குழந்தைக்கு உடம்பு மோசமாகி பெர்த் நகர மருத்துவமனைக்குத் தூக்கிப் போக வேண்டியதாயிற்று. அவ்வளவு காலமும் அந்தக் குடும்பத்துக்காகக் கத்திக்கொண்டே இருந்தவர்கள் தமிழ்ச் சங்கங்கள் மட்டுமில்லை, பிலோயெலாவின் வெள்ளைக்கார ஊர்க்காரர்கள். 2022 மே மாதம் ஆட்சி மாறியது. அதே மாதம் தற்காலிக விசா, ஜூனில் ஊர் திரும்பல், ஆகஸ்டில் நிரந்தர விசா. நீதிமன்றங்களில் அந்தக் குடும்பம் பல முறை தோற்றிருந்தது. கடைசியில் கதவைத் திறந்தது, அமைச்சர் விரும்பினால் தன் விருப்பப்படி விசா கொடுக்கலாம் என்று அந்நாட்டுச் சட்டத்தில் இருக்கும் அதிகாரம்.

இந்தக் கதையில் எனக்கு ஒரு நெருடல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அமைச்சரின் விருப்பம் என்பது ஊர் திரண்டு கத்தினால் கிடைக்கும், கத்த ஆளில்லாதவனுக்குக் கிடைக்காது. அதனால்தான் நான் உங்களிடம் இரக்கம் கேட்காமல் விதி கேட்கிறேன். விதியாக எழுதி வைத்திருக்கும் நாடுகளைப் பாருங்கள். பிரிட்டனின் 1971 குடிவரவுச் சட்டத்தில் 5-ஆவது பிரிவு, நாடுகடத்தும் உத்தரவை எந்த நேரத்திலும் இன்னோர் உத்தரவால் ரத்து செய்யலாம் என்கிறது. அந்த ஆள் பிரிட்டிஷ் குடிமகன் ஆகிவிட்டால் உத்தரவு தானாகவே செத்துப்போகும். கனடாவில், நிறைவேற்றாமல் இருக்கும் வெளியேற்ற உத்தரவு, அந்த ஆளுக்கு நிரந்தர வசிப்புரிமை கிடைத்ததும் செல்லாது. நியூசிலாந்தின் 2009 சட்டத்தில் 172-ஆவது பிரிவு நடுவில் ஒரு படி வைத்திருக்கிறது: ரத்து செய்யலாம், அல்லது நிபந்தனை போட்டு ஐந்து ஆண்டுவரை நிறுத்தி வைக்கலாம். ஒழுங்காக இருந்தால் சரி, இல்லாவிட்டால் பழைய உத்தரவு மறுபடி எழுந்துவிடும். அமெரிக்கா கறாரான நாடு. மறுபடி திறக்கக் கோரும் மனுவுக்கு 90 நாள், ஒரே ஒரு வாய்ப்பு. அதிலும், சொந்த நாட்டில் நிலைமை மாறியிருந்தால் அந்த 90 நாள் கணக்கு இல்லை. விசாரணைத் தேதியைச் சொல்லும் நோட்டீஸே ஒருவருக்குக் கிடைக்காமல் அவர் இல்லாதபோது உத்தரவு போட்டிருந்தால், எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். கறாராக இருப்பதும் எழுதி வைப்பதும் சேர்ந்தே இருக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நான்காவது காரணம் அரசின் சொந்த வசதி. இதை மண்ணடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வளைகுடாவில் பொது மன்னிப்பு அறிவித்தால், முதலில் தகவல் வந்து சேர்வது மண்ணடி டிராவல்ஸ் கடைகளுக்குத்தான். ஐக்கிய அரபு அமீரகம் 2024 செப்டம்பரில் தொடங்கி, நீட்டித்து, டிசம்பர் கடைசிவரை நடத்தியது. விசா முடிந்தும் தங்கியிருந்தவர்களுக்கு அபராதம் தள்ளுபடி. வேலை கிடைத்தால் சட்டப்படி தங்கலாம், இல்லாவிட்டால் மறுபடி வரத் தடை இல்லாமல் ஊருக்குப் போகலாம். அரபியிடமிருந்து ஓடிப்போய் 'கல்லிவல்லி'யாக ஒளிந்து வேலை பார்த்தவர்கள் அவுட்பாஸ் வாங்கிக்கொண்டு வந்தார்கள். வடசென்னையில் ஏசி மெக்கானிக், டிரைவர் வேலைக்கு என்று போனவர்கள் வீடுகளில் அந்தச் சில மாதம் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மன்னிப்பு என்று பெயர் இருந்தாலும் அது கணக்குதான். பிடிக்க, அடைக்க, சோறு போட, டிக்கெட் எடுக்க ஆகும் செலவைவிட, தானாக வெளியே வரச் சொல்வது மலிவு. ஜெர்மனியும் 2022 இறுதியில் இதே கணக்கைத்தான் போட்டது. திருப்பி அனுப்பவும் முடியாமல், தங்க உரிமையும் கொடுக்காமல் ஐந்து ஆண்டுக்கு மேல் 'பொறுத்துக்கொள்ளப்பட்டவர்களாக' வைத்திருந்தவர்களுக்கு, வேலையும் மொழியும் காட்ட 18 மாத வாய்ப்புக் கொடுத்தது.

இனி நம் விஷயம். இந்திய அரசுக்கு இப்படிச் செய்யத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். பழைய 1946 சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. கூடவே வந்த விலக்கு ஆணையில், 2015 ஜனவரி 9-ஆம் தேதி வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாததற்கான சட்டப் பிடியிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். ஒரே பத்தியில் ஆயிரக்கணக்கான தலைக்கு மேல் தொங்கிய கத்தியை இறக்கிவிட்டார்கள். நல்லது, வரவேற்கிறேன். குடியுரிமை இல்லை, நீண்டகால விசாவும் இல்லை, ஆனாலும் நல்லது.

ஆனால் அந்தப் பத்தியில் 'பதிவு செய்துகொண்ட' என்று இருப்பதை முகாமைத் தெரிந்தவர்கள்தான் கவனிப்பார்கள். காவாங்கரையில் மாதத்துக்கு ஒரு நாள் செக்கிங். வருவாய்த் துறை ஆளும் கியூ பிரிவு போலீசும் வந்து உட்காருவார்கள். குடும்பத்தில் ஒவ்வொருவரும் வந்து நின்று முகத்தைக் காட்டி, கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்கு வெளியூரில் பெயின்ட் அடிக்கப் போயிருந்தால், ஆஸ்பத்திரியில் இருந்ததற்குச் சீட்டு இல்லாவிட்டால், பெயர் வெட்டப்படலாம். பெயர் போனால் பணக்கொடை போகும், அரிசி போகும். திரும்பச் சேர்ப்பதற்கு ஒரு மனு, அதற்கு ஒரு விசாரணை, அதற்கு ஒரு காத்திருப்பு. இதுவரை இது சோற்றுப் பிரச்சினையாக இருந்தது. இப்போது விலக்கே பதிவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பெயர் வெட்டப்பட்ட ஒருவர் பதிவு செய்துகொண்டவரா, இல்லையா? ஒரு காலத்தில் பதிவில் இருந்தால் போதுமா, இன்றைக்கும் இருக்க வேண்டுமா? இலங்கைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, பிழைக்க வழியில்லாமல் திரும்பி வந்தவர் கணக்கு என்ன? இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் ராமேசுவரம் கரையில் வந்து இறங்கியவர்கள் தேதிக்கே வெளியே போய்விட்டார்கள். நான் முன்னே சொன்ன எண்ணூர்க்காரர், விசாவோடு வந்த ஒரே குற்றத்துக்காக, எந்த முகாம் பதிவேட்டிலும் கிடையாது. படகில் திருட்டுத்தனமாக வந்திருந்தால் இன்றைக்கு அவர் நிலைமை மேல். இதை அவரிடம் விளக்கிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வடசென்னைக்கு இந்தக் கதை புதிதில்லை. எங்கள் வியாசர்பாடியில் பாதித் தெரு பர்மாவிலிருந்து வந்தது. 1962-இல் ஜெனரல் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகளையும் வங்கிகளையும் அரசுடைமை ஆக்கினார்; 1964-இல் நூறு, ஐம்பது கியாட் நோட்டுகளைச் செல்லாது என்றார். தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்த தமிழர்கள் வெளிநாட்டவர் பதிவு அட்டையோடு கப்பலேறி சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அவர்கள் யாருக்கும் 'வெளியேறு' என்று தனித் தாள் கொடுத்ததில்லை. இருக்க முடியாமல் செய்தார்கள், அவ்வளவே. இங்கே பிழைக்க முடியாமல் சிலர் மறுபடி பர்மாவுக்கே நடந்து போகப் பார்த்து, எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டு, மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு பர்மா பஜாரும், பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் கடையும் வாழ்க்கை கொடுத்தன. எங்கள் வீட்டில் என் அப்பாவின் பதிவு அட்டை இன்னும் இருக்கிறது. அந்த அட்டையைத் திரும்ப எடுத்துப் பார்க்கச் சொல்லி மனு போட, ரங்கூனில் ஓர் இடம் இருந்திருந்தால் அவர் போட்டிருப்பார்.

உங்களுக்கு டெல்லியில் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஓர் இலங்கைத் தமிழர் வழக்கில், எல்லோரையும் வைத்துக்கொள்ள இது சத்திரம் இல்லை என்று சொன்னதை எடுத்துக் காட்டுவார்கள். அவர் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் தண்டனை அனுபவித்தவர். மனைவியும் பிள்ளையும் இங்கே இருக்கிறார்கள் என்று கேட்டும் கிடைக்கவில்லை. சரி, அந்தத் தீர்ப்போடு நான் சண்டைக்குப் போகவில்லை. மறுக்க வேண்டியதை மறுக்கட்டும். ரத்து கேட்ட எல்லோருக்கும் ரத்து கிடைக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. கேட்க ஓர் இடமும், மறுத்தால் அதற்கு ஒரு காரணமும் வேண்டும் என்கிறேன். அதே உச்ச நீதிமன்றம்தான் 1996-இல் சக்மா அகதிகள் வழக்கில், உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தரும் 21-ஆவது உறுப்பு குடிமக்கள் அல்லாதவர்களுக்கும் பொருந்தும் என்று சொன்னது. 1992-இல் முகாம் மக்களைத் திருப்பி அனுப்பும் வேலை மும்முரமாக நடந்தபோது குறுக்கே நின்றதும் எங்கள் எதிர்க் கட்டடத்தில் இருக்கும் உயர் நீதிமன்றம்தான். அகதிகளுக்கான 1951 உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்ற வாதமும் வரும். ஒப்புகைச் சீட்டு கொடுக்க எந்த உடன்படிக்கையும் தேவையில்லை.

ஆகவே அவையில் நீங்கள் கேட்க வேண்டியதை எழுதுகிறேன், டைப் அடிக்கிறவன் பழக்கம். 2025 சட்டத்தின் கீழுள்ள விதிகளில் மறுபரிசீலனைக்கு என்று ஓர் அத்தியாயம் சேருங்கள். வெளியேறச் சொல்லும் தாளிலேயே காரணமும், முறையிட வேண்டிய அதிகாரியின் பதவியும், நாள் கணக்கும், தமிழிலும் இருக்கட்டும். மனு நிலுவையில் இருக்கும்வரை ஆளைப் பிடித்து ஏற்றக் கூடாது. இந்தியரை மணந்தவர், இங்கே பிறந்த பிள்ளை உள்ளவர், சொந்த ஊரில் நிலைமை மாறிவிட்டவர், நோட்டீஸே கிடைக்காதவர், தான் இந்தியர் என்று காகிதம் காட்டுபவர் ஆகியோருக்கு ரத்து கேட்கும் உரிமை எழுத்தில் வேண்டும். முழு ரத்து முடியாதென்றால் நியூசிலாந்து மாதிரி நிறுத்தி வைக்கட்டும். விலக்கு ஆணையில் 'பதிவு' என்றால் எந்தத் தேதியில் இருந்த பதிவு என்று ஒரு விளக்கச் சுற்றறிக்கை உடனே வேண்டும். இதற்குச் சட்டத்திருத்தம்கூட வேண்டாம், ஒரு செயலாளர் கையெழுத்துப் போதும். முகாம்களில் 1987 ஜூலைக்கு முன் பிறந்தவர்களின் பட்டியலை மாநில அரசு எடுத்து டெல்லிக்கு அனுப்பட்டும். இதை உங்கள் கட்சிக்காரர்களிடம் சட்டமன்றத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

மக்களவையில் கேள்வி கேட்கக் குறைந்தது 15 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அடுத்த கூட்டத்தொடருக்குத் தேதி அறிவித்ததும், மேலே சொன்ன விஷயங்களைக் கேள்வி வடிவத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் டைப் அடித்துத் தர நான் தயார். வேலை நாட்களில் சாயங்காலம் ஐந்துக்கு மேல் தம்புச் செட்டித் தெருவில்தான் இருப்பேன். உங்கள் உதவியாளரை அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
வியாசர்பாடி குமாஸ்தா ஒருவன்